பார்த்தது ஒரு சைக்கிள்

கார் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பி எடுத்தும்விட்டேன். கை மட்டும் ஸ்டியரிங்கை விடவில்லை. தகரக் கொட்டகைக்குள் இஞ்சின் சூடு அடங்கும் சத்தம் டிக் டிக்கென்று கேட்கிறது. மணி ஆறு முப்பத்தைந்து. துவைக்கிற கல்லுக்கும் முருங்கைக்கும் நடுவே அப்பா சைக்கிளை நிறுத்துகிற இடம் காலியாக இருக்கிறது. இந்நேரம் காலியாகத்தான் இருக்கும். நார் மில் விடுவதே ஆறு மணிக்கு, அங்கிருந்து எட்டு கிலோமீட்டர், அப்பா மிதிக்கிற மிதிக்கு நாற்பது நிமிஷம். ஆறு நாற்பதுக்குத்தான் வருவார். இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது. அந்த ஐந்து நிமிஷம் இருக்கிறவரை ஒன்றும் நடக்கவில்லை. ரோட்டில் விழுந்தது யாரோ. உடுமலை ரோட்டில் சாயங்காலம் எத்தனை சைக்கிள் போகிறது, எத்தனை பேருக்கு ஐம்பத்தெட்டு வயசு. முதலில் விழுந்தாரா என்பதே தெரியாது. கண்ணாடியில் பார்த்தபோது சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அவ்வளவுதான், அப்புறம் வளைவு வந்துவிட்டது. சாய்வது வேறு, விழுவது வேறு. காலை ஊன்றி நின்றிருக்கலாம். ஆனால் அந்த முழங்கால். இடது முழங்கால் ஒவ்வொரு மிதிக்கும் வெளியே அகன்று அகன்று உள்ளே வந்தது. அதை நான் கடக்கும்போதே பார்த்தேன். பார்த்தது கண். எனக்கு வந்து சேர ஒரு கிலோமீட்டர் ஆயிற்று. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதுதான், அப்படி மிதிக்கிறவர் ஒருவர்தானே என்று உள்ளே யாரோ சொன்ன மாதிரி இருந்தது. மில்லில் நார் பேல் கட்டு சரிந்து விழுந்து அந்த முட்டி பிசகினதிலிருந்து அப்பா அப்படித்தான் மிதிக்கிறார், நான் ஒன்பதாவது படித்த வருஷத்திலிருந்து.

அம்மா உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். "கோகிலா, வந்துட்டு உள்ள வராம என்ன பண்ற?" வந்தேன், செருப்பைக் கழற்றினேன், முகம் கழுவினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது, கார்த்திகை மாசத் தொட்டித் தண்ணீர். கையைத் துடைக்கும்போது கேட்டாள், "வழில அப்பனப் பாத்தியா? இன்னிக்குத்தான் நீயும் நேரங்கழிச்சு வந்திருக்கியே, ரோட்டுல மாட்டியிருப்பாரே." இல்லை என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் சொல்லிவிட்டது. பார்க்கலம்மா. அது பொய்யா? பார்த்தது அப்பாவை இல்லையே, ஒரு நீலச் சட்டையை. அப்பா என்றால் எனக்கு வெள்ளைச் சட்டை, காலர் மடிப்பில் பழுப்பேறின வெள்ளைச் சட்டை. தீபாவளிக்கு அப்புறம் மில்லில் எல்லாருக்கும் கருநீலத்தில் யூனிபாரம் கொடுத்துவிட்டார்கள். புளிய மரத்தடியில் அந்த நேரத்துக்குக் கருநீலம் என்றால் இருட்டோடு இருட்டு. இப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கும், யாராவது கேட்டால். மரம் மூடின ரோடு சார், ஆறேகால் மணி, கருநீலச் சட்டை, பின்னால் லைட் இல்லை, தெரியவில்லை. எல்லாம் நிஜம். கடைசி வார்த்தை மட்டும் நிஜமில்லை. தெரிந்தது. நூறு அடிக்கு முன்னாலேயே தெரிந்தது. தெரிந்ததனால்தான் ஹாரன் அடித்தேன்.

ஒரு தடவை இல்லை. முதலில் ஒன்று, சின்னதாக. நகரவில்லை. ரோட்டின் ஓரம் மழையில் அரித்துப் போய்ப் பல் பல்லாக இருக்கிறது, எனக்குத் தெரியும், இந்த ஆவணிவரை நானும் அந்த ஓரத்தில்தான் ஸ்கூட்டியில் போய்வந்தேன். அந்தப் பல்லில் சக்கரம் இறங்கினால் அப்படியே படுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஒரு பஸ் என்னை அங்கே இறக்கியிருக்கிறது. ஹாரனைக் காதுக்குள் அடித்துக்கொண்டு, உரசாத குறையாக, படிக்கட்டில் நின்றவன் சிரித்துக்கொண்டே போனான். அன்றைக்கு ராத்திரி அழுதேன், அப்புறம்தான் இந்தக் கார். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டால் ரோடு சத்தமில்லாமல் வந்து காலடியில் விழுந்தது. முதல் வாரம் எனக்கு நம்பவே முடியவில்லை, யாரும் என்னைத் தள்ளவில்லை. எதிரே வருகிறவன் லைட்டைத் தாழ்த்தினான். ஓரத்தில் போகிறவர்கள் தானாகவே ஒதுங்கினார்கள். ஒதுங்குகிறவர்களின் முகத்தை நான் எப்போது பார்ப்பதை விட்டேன்? மூன்று மாசம்கூட ஆகவில்லை. இன்றைக்கு இரண்டாவது ஹாரன் நீளமாக அடித்தேன். அப்போது இடது கையைத் தூக்கினார், பின்பக்கமாக, விரலை விரித்து. இரு, பள்ளம் இருக்கிறது, தாண்டிக்கிறேன் என்பதுதான் அது, வேறு என்ன. எனக்கு அப்போது அப்படித் தெரியவில்லை. போடி, முடிந்ததைப் பார் என்கிற மாதிரி தெரிந்தது. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி லேப்பில் டாக்டர் கையை அப்படித்தான் காட்டினார், மத்தியானம், இரண்டு பேருடைய ரத்தம் மாறிப்போனதற்கு, மாற்றினது நான் இல்லை, லேபிள் ஒட்டினது வேறு ஆள். எல்லாவற்றையும் மறுபடி எடு என்று கையை உதறிவிட்டுப் போனார். அதனால்தான் அரை மணி நேரம் தாமதம், அதனால்தான் அந்த ரோட்டில் அந்த நேரத்தில் நான். மூன்றாவது ஹாரனில் கையை எடுக்கவேயில்லை, அழுத்திக்கொண்டே வலதில் ஏறினேன். எதிரே தேங்காய் டெம்போ வந்தது, அதனால் உடனே இடதுபக்கம் அணைத்தேன். எவ்வளவு இடைவெளி இருந்தது? ஒரு முழம்? இருக்காது. அணைக்கும்போது ஒரு வார்த்தை சொன்னேன். செத்துத் தொலை என்று. மூடின கண்ணாடிக்குள், சத்தமாக. அந்த வார்த்தை காருக்குள் எங்கேயும் போகவில்லை, அங்கேயே இருந்தது, வேகத்தடைவரை என்னோடு வந்தது.

ஆறு நாற்பத்தெட்டு. எட்டு நிமிஷம் ஒன்றுமில்லை, மில் வாசலில் நின்று யாரோடாவது பேசியிருப்பார். அடுப்பில் பருப்பு வேகிற வாசனை. போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். அப்பாவின் போன் எப்போதும் டிபன் பையில் பிளாஸ்டிக் கவருக்குள் கிடக்கும், பாதி நாள் சார்ஜ் இருக்காது, சுவிட்ச் ஆஃப் என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. நேற்றும் சுவிட்ச் ஆஃபாகத்தான் இருந்தது. நேற்று நான் போன் போட்டேனா? இல்லை. ஏன் போடப்போகிறேன். ஆஸ்பத்திரியில் நம்பர் தேடுகிறவர்கள் போனைத்தான் முதலில் எடுப்பார்கள். லேப்பில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், அட்டெண்டர் ரத்தக் குழாயைக் கொண்டுவந்து வைப்பான், பெயர் இருக்கிற இடத்தில் தெரியாதவர், ஆண், அறுபது இருக்கும் என்று எழுதியிருக்கும். நான் குரூப் பார்த்துச் சொல்வேன். அவருக்கு அன்றைக்குப் பெயர் இல்லை. சாயங்காலமோ மறுநாளோ ஒரு குடும்பம் அழுதுகொண்டு வரும், பெயர் வரும். அப்பா ஓ பாசிட்டிவ். கிட்டுச்சாமி, ஓ பாசிட்டிவ். இதை நான் ஏன் இப்போது நினைக்கிறேன். ரோட்டில் ஒரு ஆம்புலன்ஸ் போகிறது, பொள்ளாச்சிப் பக்கமாக. வருகிறதா போகிறதா என்று தலையைத் திருப்பிக் கேட்டேன். போகிறது. அந்த இடத்திலிருந்து போவதென்றால் நம் ஊரைத் தாண்டி வர வேண்டியதில்லை, அது மேற்கே, இது கிழக்கேயிருந்து வருகிறது. ஆக வேறு யாரோ. வேறு யாரோ என்றதும் மூச்சு இறங்கினது எனக்கே கேட்டது. வேறு யாராவது என்றால் நிம்மதி. இப்படித்தான் இருக்கிறேன் நான்.

வீட்டுக்கு வருவதற்கு முன்னால் திரும்பிப் போனேன். அதையும் சொல்ல வேண்டும், யாரிடம் என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும், போகாமல் இல்லை. வேகத்தடை தாண்டி ரைஸ் மில் வாசலில் வண்டியைத் திருப்பினேன், இஞ்சின் இரண்டு தடவை அணைந்துவிட்டது. அந்த வளைவுக்கு வந்தபோது இரண்டு பேர் நின்றிருந்தார்கள். பைக்கில் இரண்டு பக்கமும் பால் கேன். ஒருவர் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் ரோட்டை. சைக்கிளைக் காணோம். ஆளைக் காணோம். வேகத்தைக் குறைத்தேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் காரைப் பார்த்தார், முன்பக்கத்தைப் பார்த்தார், அப்புறம் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கி, அண்ணா, இங்கே யாராவது விழுந்தாங்களா என்று கேட்டால் போதும். நாலே வார்த்தை. கேட்டால் அவர், ஆமாங்க, ஒரு வெள்ளைக் கார் என்பார், சொல்லிவிட்டு இந்தக் காரை இன்னொரு தடவை பார்ப்பார். கால் தானாக அழுத்தியது. போய்விட்டேன். அரை கிலோமீட்டர் தள்ளி மறுபடி திருப்பி, மறுபடி வந்தேன், அப்போது அங்கே யாருமே இல்லை, பைக்கும் இல்லை, புளிய மரம் மட்டும் இருந்தது. இறங்கவில்லை. இறங்கிப் பள்ளத்துக்குள் பார்த்திருக்கலாம். பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிற்கிறது, கருப்பாக. நான் லைட்டைப் போட்டுக்கொண்டு மெதுவாக, முப்பதில், ரொம்ப நல்லவள் மாதிரி, வீட்டுக்கு வந்தேன்.

ஏழேகால். அம்மா இரண்டாம் தடவையாக வாசலுக்குப் போய்விட்டு வருகிறாள். "சங்கத்துல மீட்டிங்கு கீட்டிங்குன்னு சொன்னாரா உங்கிட்ட?" சொல்லவில்லை என்றேன். "அந்தச் செவப்பு லைட்ட வாங்கிக் குடுத்தியே, அதையாச்சும் மாட்டித் தொலச்சாரா? நான் என்ன ஆம்புலன்ஸான்னு கேட்டுட்டுப் பரண்மேல போட்டுட்டாரு." மினுக் மினுக்கென்று எரிகிற லைட், சீட்டுக்குக் கீழே மாட்டுகிறது. வாங்கிக் கொடுத்தபோது எனக்கு ஒரு பெருமை. கார் வாங்கின அதே வாரம். ரோட்டில் போகிறவர்களுக்கு உங்களைத் தெரியணும்ப்பா என்று சொன்னேன், அப்பா சிரித்தார். முப்பது வருஷமா இதே ரோட்டுல போறேன் கண்ணு, தெரியாமயா இருப்பேன் என்றார். அம்மா பருப்பைக் கடைகிறாள், மத்துச் சத்தம் கேட்கிறது, நிற்கிறது, மறுபடி கேட்கிறது. நிற்கிற நேரமெல்லாம் ரோட்டைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் அதையேதான் கேட்கிறேன். செயினுக்கு எண்ணெய் போடாத சைக்கிள், கேட் வரும்போது கீச்சென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு நான் ஒரு நாளும் காத்திருந்ததில்லை. நான் வீட்டுக்கு வந்து டீ குடித்து, போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது பாட்டுக்கு வரும். இப்போது அது வந்தால் என்ன சொல்வேன்? வராவிட்டால் என்ன சொல்வேன்? வராவிட்டால் சொல்வது சுலபம் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்ததும் உடம்பெல்லாம் கூசிற்று. வராவிட்டால் அது என் கார் என்று சொல்ல ஆளே இருக்காது. அப்படி ஒரு நினைப்பு எனக்குள் எங்கே இருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்க போற?" என்றாள் அம்மா. ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வர்றேன் என்றேன். "இரு, நானும் வர்றேன்" என்று அடுப்பை அணைத்தாள். வேண்டாம், நீ இரு, அவர் வந்தா வீட்டுல ஆள் வேணுமல்ல. "பூட்டிட்டுப் போனா என்ன, அவருக்குச் சாவி வைக்கிற எடந் தெரியாதா?" அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு செருப்பைத் தேடுகிறாள். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்த மரத்தடிக்கு எப்படிப் போவேன். நான் எந்த மரமென்று தேடாமல் நேராகப் போய் நிறுத்தினால் அவளுக்குத் தெரிந்துவிடும். தேடுகிற மாதிரி நடிக்க வேண்டும், ஒவ்வொரு மரமாக மெதுவாகப் போக வேண்டும். நடிப்பேன் என்றும் தெரிந்தது. காரைக் கிளப்பினேன். முன்லைட் கேட்டில் விழுந்தது, கேட்டுக்கு வெளியே ரோட்டில் விழுந்தது, ரோட்டில் ஒரு ஆள் சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார். வெளிச்சத்தில் கண் கூசவே கையைத் தூக்கி மறைத்துக்கொண்டார். ஒரு கையைத்தான் தூக்கினார். இன்னொரு கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. "லைட்ட அணை கண்ணு" என்றார்.

அணைத்தேன். அம்மா ஓடினாள். நான் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "என்னங்க இது, சட்டையெல்லாம் சேறு, ஐயோ முட்டியப் பாருங்க." "ஒண்ணுமில்ல. உழுந்துட்டேன்." "எங்க உழுந்தீங்க?" "அங்கதான், பள்ளிக்கூடத்துக்கு முன்னால, வளைவுல. ஒரு கார் அணைச்சுட்டுப் போயிட்டுது. பள்ளத்துல போயி உழுந்துட்டேன். பால்காரப் பசங்க ரெண்டு பேரு தூக்கிவிட்டாங்க. தோட்டத்துல மோட்டார் ஓடுச்சு, அங்க கூட்டிட்டுப் போயிக் கழுவிவிட்டாங்க. ஹேண்டில்பார் கோணிப்போச்சு, ஏற முடியல. தள்ளிட்டே வந்தேன். போனு தண்ணிக்குள்ள போயிருச்சு." சைக்கிளை முருங்கையில் சாய்த்துவிட்டு மெல்லத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். வாசல் விளக்கில் முழங்கை தோல் உரிந்து ஈரமாக மின்னியது. அம்மா வெந்நீர் வைக்க ஓடினவள் பாதியில் நின்று, திரும்பிப் பார்த்துச் சொன்னாள். "நிறுத்திக்கூடப் பாக்கலயா அந்தப் பாவி? அவன் கை வெளங்குமா? அவனுக்கும் அப்பன்னு ஒருத்தன் வீட்டுல இருப்பானல்ல."

"நாந்தாங்கப்பா" என்றேன்.

அம்மாவுக்குப் புரியவில்லை. எதற்கோ பதில் சொல்கிறேன் என்று நினைத்து அடுத்ததைப் பேச வாயெடுத்தாள். அப்பாவுக்குப் புரிந்தது. அவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தார், இடதுபக்கக் கண்ணாடியைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன், கண்ணாடி கொஞ்சம் உள்ளே மடங்கியிருந்தது. அப்போ பட்டிருக்கிறது. ஒரு முழம்கூட இல்லை. "நீயா" என்றார். ஆமாங்க. "என்னையத் தெரியலையா?" அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். தெரியலைங்கப்பா என்று சொல்லிவிடலாம். இருட்டு, கருநீலம், மரம், எல்லாம் தயாராக இருந்தது, அவரே தலையாட்டி ஏற்றுக்கொண்டிருப்பார். "தெரிஞ்சுதுங்க" என்றேன். "ஒரு சைக்கிள் போகுதுன்னு தெரிஞ்சுது. நீங்கன்னு தெரியல." நிறுத்தினால் மறுபடி சொல்லமாட்டேன் என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை. "பொறகு சந்தேகம் வந்து திரும்பி வந்தேன். அவங்க ரெண்டு பேரு நின்னுட்டிருந்தாங்க. என்னயப் பாத்தாங்க. நிறுத்தாமப் போயிட்டேன்."

"மரத்துக்குப் பொறகால உக்காந்திருந்தேன்" என்றார் அப்பா. "வேடிக்க பாக்கறதுக்கு ஒருத்தி வந்துட்டுப் போறான்னு அந்தப் பையன் சொன்னான்." அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது என்னவென்று நான் பார்த்துவிட்டேன், அதை மறக்க முடியுமா தெரியவில்லை, அப்புறம் அதை அவசரமாக மூடி வைத்தாள். "இருட்டுல அவளுக்கு எப்படிங்க தெரியும்? தலபாடா அடிச்சுக்கிட்டேன், அந்த லைட்ட மாட்டுங்கன்னு. மாட்டியிருந்தீங்கன்னா..." "லைட்டு எதுக்கு?" என்றார் அப்பா. "தெரிஞ்சுதுங்கறாளே." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். யோசித்துப் பார்க்கிறவர் மாதிரி, முப்பது வருஷமாகத் தனக்குப் பின்னால் வந்த வண்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்க்கிறவர் மாதிரிச் சொன்னார்.

அம்மா வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்தாள். நான் உள்ளே போய்ப் பஞ்சும் மருந்தும் எடுத்துவந்தேன், லேப்பில் செய்கிற வேலை, கை தானாகச் செய்தது. தோளை அழுத்தினேன், எலும்பு ஒன்றுமில்லை, சதைப் பிடிப்பு, ஆனாலும் நாளைக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். ம் என்றார். மருந்து எரிந்தபோது பல்லைக் கடித்தார். என் முகத்துக்கு அரை அடி தூரத்தில் அவர் முகம், மோவாயில் முளைத்த நரைமுடி, கண்ணோரத்தில் ஒட்டின நார்த் தூசி. நாளைக்குக் காலைல ஆறு மணி ஷிப்டுங்கப்பா, லீவு போடுங்க என்றேன். "மெசின் கழட்டிப் போட்டிருக்குது. போகோணும்." நான் கொண்டுபோய் விடறேன் என்றேன். காரைப் பார்த்தார். வேண்டாம் என்றார். பிறகு எழுந்து சைக்கிளுக்குப் போனார். முன்சக்கரம் ஒரு பக்கமும் ஹேண்டில்பார் ஒரு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தன. முழங்காலுக்குள் சக்கரத்தை இடுக்கி, ஒரு கையால் திருப்பிப் பார்த்தார், தோள் இழுத்தது, விட்டுவிட்டார். நான் பக்கத்தில் போகலாமா என்று தெரியாமல் நின்றேன்.

"வா" என்றார். "சக்கரத்துக்கு முன்னால வந்து நில்லு. முட்டிக்குள்ள இறுக்கிப் பிடி."

நின்றேன். டயர் ஈரமாகச் சேற்று வாடை அடித்தது, சுடிதாரில் ஒட்டியது. இரண்டு கையாலும் பாரைப் பிடித்துத் திருப்பினேன், அசையவில்லை, மறுபடி திருப்பினேன், கிறீச்சென்று கொஞ்சம் வந்தது. அவர் பின்னால் போய்க் கேரியர் பக்கத்திலிருந்து ஒரு கண்ணைச் சாய்த்து நேர் பார்த்தார். இன்னுங் கொஞ்சம், உன் வலப்பக்கம். போதும். ஸ்பேனரை எடுத்து இடது கையால் மெதுவாக முடுக்கினார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், அவர் இன்னொரு சுற்று முடுக்கினார். அவர் வண்டியை வாங்கி, கேட்டைத் தாண்டாமல், வாசலிலேயே ஏறி ஒரு வட்டம் மிதித்தார், வலியில் தோளைத் தூக்கிக்கொண்டு, இடது முழங்கால் அகன்று அகன்று. நான் விளக்கடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் முன்னால் வந்து காலை ஊன்றினார்.

"ஒரு பக்கமா இழுக்குது" என்றார்.

"இன்னொருக்காப் பாக்கலாங்கப்பா" என்றேன். இறங்கிச் சைக்கிளை என் பக்கம் திருப்பினார். முட்டிக்குள் சக்கரத்தை வாங்கி இறுக்கினேன்.